மூணு நாள்ல அரிப்பு நின்னுடுச்சா? இனிமேதான் உஷாரா இருக்கணும்!

"அண்ணா, தொடை இடுக்குல ஒரே அரிப்பு. ஏதாவது க்ரீம் குடுங்க."

மெடிக்கல் ஷாப்பில் இதைக் கேட்கும்போது நம் குரல் தானாகவே இறங்கிவிடும். பக்கத்தில் யாராவது நின்றால், அவர் போகும்வரை மொபைலை நோண்டிக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் கேட்பவர்களும் உண்டு. கடைக்காரரும் பெரிதாக எதையும் விசாரிக்காமல் ஒரு ட்யூபை எடுத்து கவரில் போட்டுத் தருவார். விலை பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள்தான். டாக்டர் ஃபீஸ் மிச்சம், லீவு போட வேண்டியதில்லை, யாரிடமும் காட்டி வெட்கப்பட வேண்டியதில்லை. மூன்றே நாளில் அரிப்பு அடங்கிவிடும். "சூப்பர் க்ரீம்டா" என்று ரூம்மேட்டுக்கும் சிபாரிசு செய்வீர்கள்.

ஆனால், இந்தியாவின் தோல் மருத்துவர்கள் பல வருடங்களாகக் கவலைப்படுவது அந்த 'சூப்பர் க்ரீம்' பற்றித்தான். சாதாரணப் படர்தாமரை இன்று மாதக்கணக்கில் போகாமல் அடம்பிடிப்பதற்கும், முகத்துக்கு க்ரீம் தடவியவர்கள் வெயிலில் தலைகாட்டவே பயப்படுவதற்கும் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஒரே பொருள்... ஸ்டீராய்டு. கூகுளில் நீங்கள் தேடக்கூடிய கேள்விகளையே எடுத்துக்கொண்டு, இதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அந்த ட்யூப்ல அப்படி என்னதான் இருக்கு?

தோலுக்கு வரும் 'ஆல் இன் ஒன்' க்ரீம்களில் பொதுவாக மூன்று வகை மருந்துகள் கலந்திருக்கும். பூஞ்சையைக் கொல்ல ஒன்று, பாக்டீரியாவைக் கொல்ல ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு. அரிப்பு எதனால் என்று தெரியாமலேயே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு குண்டு போடுவது மாதிரி. எது காரணமாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்பதுதான் கணக்கு.

ஸ்டீராய்டு வில்லன் கிடையாது. கரப்பான், சொரியாசிஸ், கடுமையான அலர்ஜி போன்றவற்றுக்கு இன்றும் அதுதான் முக்கியமான மருந்து. எந்த வீரியத்தில், உடம்பில் எந்த இடத்தில், எத்தனை நாள் என்று ஒரு மருத்துவர் கணக்குப் போட்டுக் கொடுத்தால் நன்றாகவே வேலை செய்யும். இந்த மூன்று கணக்கும் இல்லாமல் தடவும்போதுதான் சிக்கல்.

இதில் 'எந்த இடம்' என்பது நாம் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. 1967-ல் வெளியான ஓர் ஆய்வில், தோலில் தடவிய ஹைட்ரோகார்ட்டிசோன் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் நெற்றி வழியாக 6 மடங்கும், தாடை வழியாக 13 மடங்கும், விதைப்பை வழியாக 42 மடங்கும் அதிகமாக உள்ளே போனது. கையில் தடவ ஓகேவாக இருக்கும் மருந்து, தொடை இடுக்கிலும் முகத்திலும் ஏன் ஆபத்தாகிறது என்பதற்கு இந்த எண்களே போதும்.

அரிப்பு நின்னா நோய் போயிடுச்சுன்னுதானே அர்த்தம்?

இல்லை. நம் ஊரில் இந்த விஷயம் இவ்வளவு பெரிதானதே இந்த ஒரு தவறான நம்பிக்கையால்தான்.

படர்தாமரை என்பது பூஞ்சைத் தொற்று. பூஞ்சை தோலின் மேல் அடுக்கில் வளரும்போது, உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிர்த்துச் சண்டை போடும். நீங்கள் பார்க்கும் சிவப்பு, உணரும் அரிப்பு எல்லாம் பெரும்பாலும் அந்தச் சண்டையின் அடையாளங்கள். ஸ்டீராய்டு செய்வது என்ன தெரியுமா? பூஞ்சையை அல்ல, சண்டை போடும் உங்கள் ஆளை உட்கார வைத்துவிடுகிறது. சத்தம் அடங்கிவிடும். உள்ளே பூஞ்சை ஜாலியாகப் பரவிக்கொண்டிருக்கும்.

க்ரீமை நிறுத்தியதும் அரிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். 'ஐயோ, சீக்கிரம் நிறுத்திட்டோம் போல' என்று மறுபடி தடவுவீர்கள். மறுபடி அடங்கும். மறுபடி வரும். இப்படியே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருந்தது இடுப்பு, பின்பக்கம், வயிறு என்று போய்விடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. படர்தாமரைக்கு என்று ஓர் அடையாளம் இருக்கிறது. ஓரம் மேடாகவும் செதிலாகவும், நடுப்பகுதி கொஞ்சம் தெளிந்தும், வட்டமாக இருக்கும். ஸ்டீராய்டு தடவத் தடவ அந்த வட்டமே கலைந்துவிடும். அடையாளம் மாறிப்போன இந்தத் தொற்றுக்கு மருத்துவத்தில் 'டீனியா இன்காக்னிட்டோ' என்றே பெயர். மாறுவேடத்தில் திரியும் படர்தாமரை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பார்த்தவுடன் மருத்துவருக்கே குழப்பம் வரலாம்.

மாதக்கணக்கில் தடவினால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடு கோடாகப் பிளந்துவிடும். காலப்போக்கில் கொஞ்சம் மங்கலாம். ஆனால், அந்தக் கோடுகள் முழுசாகப் போகாது.

முகத்துக்குத் தடவினா நிஜமாவே கலர் வருதே?

வரும். அதுதான் தூண்டில். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கும், நிறமி உருவாவதைக் குறைக்கும். முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும், பருவின் சிவப்பும் அடங்கும். "என்ன க்ரீம் யூஸ் பண்றே?" என்று நாலு பேர் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு பருக்கள் கொத்தாக வரும். கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரியும். சிலருக்கு முகத்தில் முடி வளரும். வெயில் பட்டால் எரியும், சோப்பு பட்டால் எரியும். நிறுத்திய சில நாளிலேயே முகம் சிவந்து கொதிக்கும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே க்ரீமைத் தேடிப் போவார்கள். இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் தனியாகப் பெயரே வைத்துவிட்டார்கள்: 'டாப்பிக்கல் ஸ்டீராய்டு டேமேஜ்டு ஃபேஸ்'. ஸ்டீராய்டால் சேதமான முகம்.

இந்தியத் தோல் மருத்துவ இதழில் 2011-ல் ஓர் ஆய்வு வந்தது. நாட்டின் 12 மையங்களில், முகத்தில் பிரச்னை என்று வந்த 2,926 பேரை விசாரித்ததில் 433 பேர் முகத்துக்கு ஸ்டீராய்டு தடவிக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அந்த 433 பேரில் 126 பேர் அதை ஃபேர்னஸ் க்ரீமாகவோ, பொதுவான முகக் க்ரீமாகவோ, ஷேவ் செய்த பிறகோ பயன்படுத்தியவர்கள். 104 பேர் பருவுக்காகத் தடவியவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சிபாரிசு செய்தது மருத்துவர் அல்ல. 433 பேரில் அதிகம் பேருக்கு வந்த பக்கவிளைவு எது தெரியுமா? பரு! பரு போகத் தடவிய க்ரீமே பருவைக் கொண்டுவந்திருக்கிறது.

இதற்கு அடியில் நிற ஆசை என்கிற பழைய கதை இருக்கிறது. 1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் தன் பெயரில் இருந்த 'ஃபேர்'-ஐ எடுத்துவிட்டு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. டப்பாவில் வார்த்தை மாறிவிட்டது. பொண்ணு பார்க்கும் படலத்திலும், கல்யாண ஆல்பத்திலும், போன் ஃபில்டரிலும் இன்னும் மாறவில்லை. "ஒரு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள கலராகணும்" என்ற அவசரத்துக்கு, மருந்துக் கடை அலமாரியில் இருக்கும் ஸ்டீராய்டு ட்யூபைவிட வேகமான பதில் எதுவும் இல்லை. அதனால்தான் அது அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையா?

இருக்கிறது. மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலுக்கு 'ஷெட்யூல் ஹெச்' என்று பெயர். மாத்திரையாக, ஊசியாக வரும் ஸ்டீராய்டுகள் அதில் வெகுகாலமாக இருந்தாலும், வெளிப்பூச்சாக வரும் மருந்துகளுக்கு ஒரு விலக்கு இருந்தது. தோல் மருத்துவர்களின் தேசியச் சங்கம் இதை எதிர்த்து நீண்ட காலம் குரல் கொடுத்தது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுகளின் வெளிப்பூச்சு வடிவங்களையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது, ஸ்டீராய்டு கலந்த சில தோல் க்ரீம்களும் அதில் அடிபட்டன.

பேப்பரில் எல்லாம் சரிதான். இப்போது உங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு ட்யூப் பெயரைச் சொல்லிக் கேட்டால், சீட்டு எங்கே என்று கேட்பார்களா? உங்களுக்கே பதில் தெரியும்.

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை. டெலிவரி வேலை பார்ப்பவருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களில்தான் இருக்கிறார்கள். வேர்வை ஊற ஊற ஹெல்மெட்டும் யூனிஃபார்மும் போட்டு வேலை பார்ப்பவருக்கு, இன்றைக்கு ராத்திரி தூங்க வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தூக்கத்தை நூறு ரூபாய்க்குள் தருவது அந்த ட்யூப் ஒன்றுதான். சட்டம் போட்டவர்கள் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. ட்யூப் நிரப்பிக்கொண்டது.

என் தோல், என் காசு. இதுல மத்தவங்களுக்கு என்ன?

தொற்றுநோய் விஷயத்தில் இந்த லாஜிக் செல்லாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை படர்தாமரை என்றால் மருத்துவர்களுக்கே சப்பையான கேஸ். டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை இரண்டு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் போய்விடும். இன்று இந்தியாவில் அந்த மருந்துக்கே அடங்காத பூஞ்சை பரவியிருக்கிறது. பூஞ்சையின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், டெர்பினாஃபின் போய் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அதனால் பிடி கொள்ள முடிவதில்லை.

2020-ல் இந்தப் பூஞ்சைக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே'. பெயரிலேயே 'இந்தோ' இருக்கிறது. இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஜப்பானுக்குப் போனவர்களிடம் கண்டுபிடித்ததை வைத்துச் சூட்டிய பெயர் இது.

2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இந்தத் தொற்று வந்ததை அறிவித்தது. அந்த நாட்டில் பதிவான முதல் கேஸ்கள் அவை. ஒருவர் 47 வயதுக்காரர், வங்கதேசத்தில் இருந்தபோது தொற்று வந்து, அங்கே பூஞ்சைக்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்களைத் தடவியவர். இன்னொருவருக்கு வயது 28. அவர் சமீபத்தில் வெளிநாட்டுக்கே போனதில்லை. அதாவது, பூஞ்சை அங்கேயே ஆளுக்கு ஆள் பரவ ஆரம்பித்திருக்கலாம்.

மருந்துக்கு அடங்காத பூஞ்சை உருவாக ஒரே காரணம் ஸ்டீராய்டு என்று சொல்லிவிட முடியாது. பாதியில் நிறுத்திய சிகிச்சை, தவறான அளவு, தேவையில்லாமல் தடவிய பூஞ்சைக்கொல்லி, நெரிசலான இருப்பிடம், வெக்கை எல்லாமே சேர்ந்துதான் இந்த நிலை. ஆனால், பூஞ்சைக்கொல்லியும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்களை இஷ்டத்துக்குப் பயன்படுத்துவது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்பது நிபுணர்களின் கணிப்பு. உங்கள் தொடையில் அரைகுறையாக அடங்கிய பூஞ்சை, ஹாஸ்டல் கொடியில் காயும் டவல் வழியாக அடுத்தவருக்குப் போகும். அவருக்குச் சாதாரண மருந்து வேலை செய்யாமலும் போகலாம்.

சரி, ஆன்லைன்ல வர்ற ஒயிட்னிங் க்ரீம்ல ஸ்டீராய்டு இல்லைன்னு போட்டிருக்கே?

ஸ்டீராய்டு இல்லாமல் இருக்கலாம். பாதரசம் இருக்கலாம்!

கேரளாவின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர்வரை, ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரகப் பாதிப்போடு வந்த 22 பேரில் 15 பேருக்கு இருந்தது அரிதான ஒரு துணைவகை. அந்த 15 பேரில் 13 பேர் சருமத்தை வெளுப்பாக்கும் க்ரீம் தடவியவர்கள். காரணம் க்ரீமில் இருந்த பாதரசம் என்பது மருத்துவர்களின் முடிவு. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

பாதரசமும் நிறமி உருவாவதைத் தடுக்கும். அதனால் முகம் வெளுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும். இந்திய விதிகளின்படி கண் மேக்கப் தவிர மற்ற அழகுசாதனப் பொருள்களில் தற்செயலாகக் கலந்துவிடும் பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பாதரசம் பற்றிய மினமாட்டா சர்வதேச ஒப்பந்தமும், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருள்களை 2025-க்குள் முழுசாக ஒழிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருவதையும், இன்ஸ்டாவில் 'டி.எம் பண்ணுங்க' என்று விற்பதையும் எந்த விதி போய்ப் பிடிக்கும்?

உஷாராக வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. தயாரித்த நிறுவனத்தின் முழு முகவரி இல்லை, என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியல் இல்லை, இறக்குமதிப் பதிவு எண் இல்லை என்றால் வாங்காதீர்கள். 'மெர்க்குரி', 'கேலோமெல்', 'மெர்க்குரஸ் குளோரைடு' என்று எந்த ரூபத்தில் இருந்தாலும் அது பாதரசம்தான். 'தங்க, வெள்ளி நகை மேல் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று க்ரீம் டப்பாவில் எழுதியிருந்தால் அதுவும் பாதரசத்துக்கான எச்சரிக்கை மணி. இப்படி ஒரு க்ரீமை ஏற்கெனவே தடவியிருக்கிறீர்கள், இப்போது சிறுநீர் நுரைத்துப் போகிறது, கால் அல்லது முகம் வீங்குகிறது என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள். டப்பாவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஸ்டீராய்டு இருக்கான்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ட்யூபின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது வெறும் பிராண்ட் பெயர். அதைப் பார்த்து ஒன்றும் தெரியாது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன். இவற்றில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. பல பெயர்கள் 'சோன்' என்று முடிவதை ஞாபகம் வைத்துக்கொண்டால் ஈசி. க்ளோபெட்டசால் இருப்பதிலேயே மிக வீரியமான வகை, முகத்துப் பக்கமே போகக் கூடாதது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்ற இரண்டோடு ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்து வந்தால், அது மங்குக்காக மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் எழுதித் தரும் மருந்து. தினமும் போடும் ஃபேஸ் க்ரீம் அல்ல.

அட்டையில் 'ஆர்எக்ஸ்' குறியும், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற வரியும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏற்கெனவே மாசக்கணக்குல தடவிட்டேன். இப்போ என்ன பண்றது?

முதலில், உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்.

பயந்துபோய் இன்று ராத்திரியே ட்யூபைக் குப்பையில் போட்டுவிட்டு, முகம் கொதித்ததும் நாளைக்கே புதுசு வாங்காதீர்கள். தோல் மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு காலம், எந்த வீரியம் என்பதைப் பொறுத்து, உடனே நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் சொல்வார். நிறுத்திய பிறகு வரும் சிவப்பும் எரிச்சலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கலாம். அது க்ரீம் தேவை என்பதற்கான அறிகுறி அல்ல, தோல் பழையபடி பழகிக்கொள்ளும் காலம்.

என்ன தடவினீர்கள் என்பதை மறைக்காதீர்கள். பழைய ட்யூபின் போட்டோ, தடவிய மாதங்களின் எண்ணிக்கை, கர்ப்பமாக இருந்தால் அந்தத் தகவல். இந்த மூன்றும் மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். செலவு யோசனை என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிட்டால் நிபுணரையே இலவசமாகப் பார்க்கலாம்.

படர்தாமரை வந்தா சரியான வழிதான் என்ன?

ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக்கொல்லி, மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை. அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் பலரும் சறுக்கும் இடம். தோல் பார்க்கத் தெளிவான பிறகும் இன்னும் சில நாள், பொதுவாக இரண்டு வாரம், தொடரச் சொல்வார்கள். தடவும்போது வட்டத்துக்கு மேல் மட்டும் இல்லாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர்வரை தடவுங்கள். பூஞ்சை அங்கேயும் போயிருக்கும்.

மருந்தைப் போலவே முக்கியமானவை வீட்டு வேலைகள். டவல், உள்ளாடை, சோப்பு எதையும் பகிர வேண்டாம். துணிகளைத் தனியாகத் துவைத்து, முடிந்தால் வெந்நீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நல்ல வெயிலில் காயப் போடுங்கள். ஜீன்ஸுக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுத்துவிட்டு லூசான பருத்தித் துணி. குளித்த பிறகு தொடை இடுக்கை, அக்குளை நன்றாகத் துடைத்துவிட்டு உடை மாற்றுங்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள். எப்போதும் ஈரமாகவே இருக்கும் நூல் கயிறு பூஞ்சைக்கு நல்ல வீடு. சிகிச்சை முடியும்வரை கழற்றிவைப்பது நல்லது. வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

பூண்டு அரைத்துப் பூசுவது வேண்டவே வேண்டாம். தோல் வெந்து கொப்பளமாகி மருத்துவமனைக்கு வந்தவர்கள் உண்டு. சீமை அகத்தி இலையை பாட்டி சிபாரிசு செய்வார். அதன் சாறுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை இருப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால், மருந்துக்கே அடங்காத இன்றைய பூஞ்சைக்கு இலைச்சாற்றை மட்டும் நம்பி நாளைக் கடத்துவது, அது பரவ நாமே அவகாசம் கொடுப்பது மாதிரி.

திட்டு திட்டா வந்தாலே படர்தாமரைதானா?

இல்லை, அதனால்தான் மருத்துவர் பார்ப்பது அவசியம். முதுகிலும் மார்பிலும் வெளுப்பாகவோ பழுப்பாகவோ சின்னச் சின்னதாகப் பரவுவது தேமலாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. வெள்ளிச் செதில்களோடு தடித்து இருப்பது சொரியாசிஸாக இருக்கலாம். பால் போல வெளுத்திருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம், அது தொற்றவே தொற்றாது. வெளிறிய அல்லது சிவந்த ஒரு திட்டில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால், அது தொழுநோயின் ஆரம்பமாக இருக்கலாம். பதற வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசச் சிகிச்சை உண்டு, முழுமையாகக் குணமாகும். இந்த எல்லாவற்றுக்கும் ஒரே ட்யூபைத் தடவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போ தினமும் முகத்துக்கு என்னதான் போடுறது?

பத்து பாட்டில் தேவையில்லை. மைல்டான ஃபேஸ் வாஷ், உங்கள் சருமத்துக்கு ஏற்ற ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்க்ரீன். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். மாநிறமாக இருந்தாலும் சன்ஸ்க்ரீன் வேண்டும், முக்கியமாக மங்கும் பருத்தழும்பும் இருப்பவர்களுக்கு. பரு வரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். எலுமிச்சை தேய்த்துவிட்டு வெயிலில் போனால் தோல் புண்ணாகிக் கறுத்துப் போகலாம். பருவுக்கு டூத்பேஸ்ட் தடவுவதும் எரிச்சலைத்தான் கூட்டும்.

முறையான சிகிச்சை எடுத்தாலும் பரு குறைய வாரக்கணக்கில் ஆகும். மங்கு மங்க மாதக்கணக்கில் ஆகும். 'ஏழே நாளில்' என்று எவராவது சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகளாவிய பொது சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நல்ல செய்தி. ஆனால், ஜெனீவா தீர்மானம் நம் தெருமுனைக்கு வந்து சேர, இங்கே சில வேலைகள் நடக்க வேண்டும். 2018-ல் போட்ட விதியைக் கடைகளில் உண்மையாகவே அமல்படுத்த வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக்கொல்லி தட்டுப்பாடு இல்லாமல் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து வருபவர்களும் பார்க்கிற மாதிரி மாலை நேரத்தில் தோல் மருத்துவப் பிரிவு இயங்க வேண்டும். லீவு போடாமல் மருத்துவரைப் பார்க்க முடிந்தால், நிறைய பேர் ட்யூப் கேட்டுக் கடைக்குப் போகவே மாட்டார்கள்.

அதெல்லாம் நடக்கும்வரை உங்கள் கையில் இருப்பது ஒரு சின்ன வேலை. பாத்ரூம் அலமாரியில், அம்மாவின் பீரோவில், ஹாஸ்டல் ஷெல்ஃபில் பாதி அமுக்கிய ட்யூப் ஒன்று கிடக்கும். அதன் பின்பக்கத்தை இன்றைக்கு ஒருமுறை படித்துப் பாருங்கள். 'சோன்' என்று முடியும் பெயர் கண்ணில் பட்டால், அதை வீட்டில் யார், எதற்காக, எத்தனை நாளாகத் தடவுகிறார்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு அவர்கள் சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று அங்கே இருக்கலாம்.